ஸ்கோர் எழுத மட்டும் கூப்பிடாதீர்கள்

ட்ரில் பீரியட் மணி அடித்ததும் வகுப்பே மைதானத்துக்கு ஓடும். ஓடாத பிள்ளை ஒன்று இருக்கும், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை. அதற்கென்றே எல்லாப் பள்ளியிலும் சில வேலைகள் உண்டு. பைகளுக்குக் காவல் இருக்கணும், தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொள்ளணும். கொஞ்சம் எழுத்து வேகம் உள்ள பிள்ளை என்றால் கையில் ஸ்கோர் நோட்டு வந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்வதில்லை. "பாவம், வெயில்ல எதுக்கு" என்ற இரக்கம்தான். ஆனால் அந்த இரக்கத்திலேயே ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பந்தைத் தொடாமல் பள்ளியை முடித்துவிட்டுப் போய்விடுகிறது.

திருநெல்வேலிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே ஆற்றங்கரை ஊர் ஒன்றில், நடுநிலைப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. இந்தப் பக்கத்துப் பிஇடி ஆசிரியர்கள், தொடக்கப் பள்ளியில் விளையாட்டையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும் வகுப்பாசிரியர்கள், அப்புறம் பிள்ளையைப் பெற்றவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சீமைக்கு இந்த வேலை புதிதில்லை. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும், பிளாரன்ஸ் சுவைன்சன் பெயரில் உள்ள காது கேளாதோர் பள்ளியும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கின்றன. இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கும் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்கான உடல்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-ல் சங்கத்தை ஆரம்பித்தார். 2020-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. உடல்திறன் சோதனையில் உடம்பை இழந்த ஒருவர் ஊருக்குத் திரும்பி வந்து, பிள்ளைகளின் உடம்புக்காக ஒரு நிறுவனத்தையே கட்டியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேலையில் தெம்பு வரும்.

ஆனால் இன்றைக்குப் பிள்ளைகள் சிறப்புப் பள்ளிக்கு மட்டும் போவதில்லை. அவரவர் தெருப் பள்ளிக்கே வருகிறார்கள். அப்படித்தான் வரவும் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன. 2016 சட்டத்தில் அது 21 ஆனது. அந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு முழுக்க விளையாட்டைப் பற்றியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையோ பள்ளிக்குள் நடக்கும் விளையாட்டையும் வெளிப்படையாகவே சொல்கிறது: மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக இந்தப் பிள்ளைகளும் அதில் பங்கெடுக்க வழி இருக்க வேண்டும். அதனால் ஒரு பிள்ளையை ஆட்டத்தில் சேர்ப்பதை நான் பெரிய மனசு என்று சொல்ல மாட்டேன். அது நம் வேலை.

சரி, எப்படிச் சேர்ப்பது? எங்கள் பள்ளியில் ஒரு பெண் இருக்கிறாள். மூளை முடக்குவாதம், வீல்சேர். கைவிரல்கள் மூடினால் மூடியபடி, விரித்தால் விரித்தபடி இருக்கும். பேச்சு மெதுவாக வரும். அவளுக்காகத்தான் பள்ளியில் போச்சியா ஆரம்பித்தோம். பந்துகளில் ஆறு சிவப்பு, ஆறு நீலம், ஒன்று வெள்ளை. வெள்ளைப் பந்தை முதலில் உருட்டி விடுவார்கள். அதற்கு யார் பந்து பக்கத்தில் போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. பாராலிம்பிக்கில் 1984 முதல் இருக்கிற ஆட்டம் இது. ஒலிம்பிக்கில் கிடையாது, இவர்களுக்கென்றே உருவானது.

கடையில் வாங்கும் தோல் பந்துக்கு எங்களிடம் காசு இல்லை. தையல் கடையிலிருந்து சிவப்புத் துணியும் நீலத் துணியும் வாங்கி, உள்ளே புளியங்கொட்டை நிரப்பித் தைத்தோம். ரொம்ப இறுக்கி நிரப்பினால் பந்து உருண்டு ஓடிவிடும், தொளதொளவென்று விட்டால் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது, தைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். கையால் எறிய முடியாதவர்களுக்குச் சரிவுப் பலகை உண்டு. பம்ப்செட்டுக்குப் போட்டது போக மிஞ்சிய பிவிசி பைப்பை நெடுக்கில் இரண்டாக அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து வைத்துக்கொண்டோம். பைப்பின் மேல்முனையில் பந்தை வைத்து அவள் தொட்டுவிட்டால் போதும்.

இந்த ஆட்டத்தின் ஒரு விதியை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. சரிவைப் பிடித்துக்கொள்ளும் துணை ஆள் ஆடுகளத்தைப் பார்க்கக் கூடாது. களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பந்து எங்கே போகணும், பைப் எந்தப் பக்கம் திரும்பணும், எவ்வளவு உயரம், எல்லாவற்றையும் ஆடுகிறவரே சொல்ல வேண்டும். வகுப்பிலேயே துறுதுறுப்பான ஒரு பையனை அவளுக்குத் துணையாகப் போட்டேன். முதுகைக் காட்டி உட்கார அவனால் முடியவே இல்லை. கழுத்து தானாகத் திரும்பும். "ஏலே, திரும்பிப் பாக்காத" என்று அவள் அதட்டுவாள். அவன் பைப்பை நகர்த்துவான். "அங்கிட்டு இல்ல. இங்கிட்டு. இன்னுங் கொஞ்சம் தூக்கு." ஒவ்வொரு சொல்லுக்கும் நேரம் எடுக்கும். அதுவரை அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும், அதுவும் விதிதான். "போதும். அப்படியே வையி." பந்து உருளும். கூட்டம் சத்தம் போட்ட பிறகுதான் பந்து எங்கே போனது என்று அவனுக்கே தெரியும்.

வீட்டிலும் பள்ளியிலும் அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். எப்போது தூக்குவது, எங்கே உட்கார வைப்பது, எந்தப் பக்கம் திருப்புவது எல்லாமே அடுத்தவர் கையில். ஆடுகளத்தில் அது தலைகீழாகிறது. நல்ல கையும் காலும் உள்ள ஒரு பையன் அவள் சொல்கிறபடி நகர்கிறான். விளையாட்டு என்று நான் சொல்வது இதைத்தான். பிள்ளைக்குப் பதிலாக நாம் பந்தைப் போட்டுவிட்டுக் கைதட்டுவதை விளையாட்டில் நான் சேர்க்க மாட்டேன்.

ஒரு பிள்ளை ஆட முடியவில்லை என்றால் நான் முதலில் ஆட்டத்தைத்தான் பார்ப்பேன். களம் பெரிதாக இருக்கிறதா? செய்யச் சொல்லும் செயல் கடினமா? பந்து சரியில்லையா? கூட ஆடுகிறவர்களை மாற்றிப் பார்க்கலாமா? இந்த நாலில் ஒன்றை மாற்றினாலே பாதிப் பிள்ளைகள் உள்ளே வந்துவிடுவார்கள். எறிபந்தில் வலையை இறக்கிக் கட்டுங்கள். பந்துக்குப் பதில் பாதிக் காற்று அடைத்த பந்தையோ பலூனையோ போடுங்கள், அது மெதுவாக வரும், கைக்கு நேரம் கிடைக்கும். எறிந்து பிடித்து ஆடும் டென்னிக்காய்ட் ரப்பர் வளையம் எங்கள் பக்கம் எல்லாப் பள்ளியிலும் கிடக்கும். விரல் சரியாக மடங்காத பிள்ளைக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. பிடிக்க வராவிட்டால் கையை உள்ளே விட்டு மாட்டிக்கொள்ளலாம்.

அதே வளையத்தை நான் வேறொன்றுக்கும் பயன்படுத்துகிறேன். பார்வை இல்லாத ஒரு பையன் வேகமாக ஓடியதே இல்லை. யாராவது கையைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள், அவர்கள் வேகம்தான் அவன் வேகம். மைதானத்து ஓரத்தில் இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே, அவன் இடுப்பு உயரத்தில் நைலான் கயிற்றை இழுத்துக் கட்டினோம். கட்டும் முன் ஒரு டென்னிக்காய்ட் வளையத்தைக் கயிற்றில் கோத்துவிட்டோம், அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் போக வேண்டும். இரண்டு முனையிலும் மரத்துக்கு நாலைந்து எட்டு முன்னாலேயே பெரிய முடிச்சு. வளையம் முடிச்சில் இடித்தால் நின்றுவிட வேண்டும். முதலில் நடந்தான். அப்புறம் தரையைக் காலால் தடவாமல் நடந்தான். ஒருநாள் ஓடினான். வாயைத் திறந்துகொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வளையம் கயிற்றில் கரகரவென்று சத்தம் போட ஓடினான். யார் கையும் இல்லாமல் தன் வேகத்தில் ஓடுவதென்றால் என்ன என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பந்துக்குள் மணி வைத்ததை வாங்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் சாதாரணப் பந்தைப் பாலிதீன் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். உருளும்போது சரசரவென்று கேட்கும். எல்லோர் கண்ணையும் கட்டிவிட்டு ஆடும் ஆட்டமும் உண்டு. கோல்பால் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946-ல் உருவானது. அணிக்கு மூன்று பேர், உள்ளே மணி வைத்த பந்து, எல்லோருக்கும் கண்மூடி. ஆட்டம் நடக்கும்போது பார்க்கிறவர்கள் சத்தமே போடக் கூடாது. எங்கள் பிள்ளைகளை அரை மணி நேரம் பேசாமல் உட்கார வைக்கிற ஒரே ஆட்டம் இதுதான். கண் தெரிகிற பிள்ளைகள் கண்ணைக் கட்டியதும் தடுமாறுகிறார்கள். வளையம் பிடித்து ஓடிய அந்தப் பையன் தடுமாறுவதில்லை. அணி பிரிக்கும்போது அவனைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

காது கேளாத பிள்ளைகள் விஷயத்தில் வேலை இன்னும் குறைவு, ஆனால் அதையும் செய்யாமல் விடுகிறோம். விசில் கேட்காது என்பதற்காக ஒரு பிள்ளையை ஓட்டப் பந்தயத்திலிருந்து எடுப்பார்களா? கொடியை ஆட்டினால் முடிந்தது. நீங்கள் வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். அப்படி நின்றால் உங்கள் முகம் இருட்டில் விழும், உதட்டசைவு தெரியாது, பிள்ளைக்குக் கண்ணும் கூசும். கபடியில்தான் எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருந்தது. பாடிப் போவது நடுவருக்குக் கேட்க வேண்டுமே. கடைசியில் பாட்டை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்துக்கொண்டோம். கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. நடுவர் கையை உயர்த்தி எண்ணுவார், கை இறங்கினால் ரெய்டு முடிந்தது. மதுரையிலிருந்து போன ஜெர்லின் அனிகா பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பேட்மின்டனில் தங்கம் வாங்கி வந்தது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். கேட்காத காதோடு அவ்வளவு தூரம் போகலாம் என்றால், நம் மைதானத்தில் ஒரு கொடி ஆட்டுவதற்கு என்ன தயக்கம்?

இனி வேறு விஷயம். சேர்க்க வேண்டும் என்று சொல்கிறவள் எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். ஆர்வத்தில் தப்பாகச் செய்துவிட்டால் கெடுவது பிள்ளையின் உடம்பு.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிப்பு தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, கழுத்தில் அடி விழும் ஆட்டங்கள், இவற்றில் இறக்கும் முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். நன்றாக நடந்த பிள்ளை திடீரென்று தள்ளாடினால், கழுத்தைப் பிடித்துக்கொண்டால், சிறுநீர் அடக்க முடியாமல் போனால், ஆட்டத்தை அந்த நிமிடமே நிறுத்தி மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

வலிப்பு உள்ள பிள்ளை ஓடலாம், ஆடலாம். உயரத்தில் ஏறுவதும் ஆள் துணையின்றித் தண்ணீரில் இறங்குவதும் கூடாது. நமக்கு ஆறு வாசலிலேயே இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தண்ணீர் உடம்பின் பாரத்தை வாங்கிக்கொள்ளும் என்பதால், தரையில் நிற்க முடியாத பிள்ளைகூட இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும். ஆனால் குளிர்ந்த தண்ணீரில் மூளை முடக்குவாதப் பிள்ளைக்குத் தசை இன்னும் இறுகும், வெதுவெதுப்பான தண்ணீரில்தான் இளகும். வெயில் ஏறித் தண்ணீர் சூடான பிறகு, ஆழம் தெரிந்த படித்துறையில், ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று இருந்தால் மட்டுமே இறங்குங்கள்.

நான்கைந்து வயதில் ஓட்டத்தில் பின்தங்குகிற பையன்களைக் கவனியுங்கள். தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி ஊன்றி மேலே வருகிறானா? கெண்டைக்கால் மட்டும் புஷ்டியாகத் தெரிகிறதா? படி ஏறச் சிரமப்படுகிறானா? தசைச் சிதைவு நோயாக இருக்கலாம். வீட்டில் "சோம்பேறி" என்பார்கள். முதலில் கண்டுகொள்ளக் கூடிய இடத்தில் நாம்தான் நிற்கிறோம். இந்தப் பிள்ளைகளிடம் "இன்னும் ஒரு ரவுண்டு" என்று சொல்லவே கூடாது. களைத்துப் போகும்வரை ஆட விட்டால் அந்தத் தசைக்குக் கேடு. அதற்காக ஓரமாக உட்கார வைப்பதும் தீர்வல்ல. அளவாக, அலுப்பதற்கு முன்னால் நிறுத்துகிற ஆட்டங்கள் வேண்டும்.

அப்புறம் நம் ஊர் வெயில். முதுகுத்தண்டு பாதித்த பிள்ளைக்குப் பாதிப்புக்குக் கீழே வியர்க்காது, உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும். சூடும் உணராது. வெயிலில் நிறுத்திய வீல்சேரின் இரும்பு, காலுக்குத் தாங்கலாக மாட்டும் காலிபரின் கம்பி, இவை தோலைச் சுட்டுக் கொப்பளித்தாலும் பிள்ளை அழாது, ஏனென்றால் அதற்குத் தெரியாது. உட்காருவதற்கு முன் நீங்கள் தொட்டுப் பாருங்கள். இந்தப் பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு விளையாட்டு வேளையைக் காலை முதல் பீரியடில் போடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மத்தியானம் கடைசிப் பீரியட் என்றால் ஒன்று வெயில் அடிக்கும், இல்லாவிட்டால் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார்.

பெற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலிபர் போட்டு நடக்கிற ஒரு பையனின் அம்மா பீடி சுற்றுகிறவர். ஆட்டத்தில் சேர்க்கப் போகிறேன் என்றதும் பள்ளிக்கே வந்துவிட்டார். "அவன வெளயாட்டுல எல்லாம் சேக்காதிய டீச்சர். விழுந்து கையக் கால ஒடிச்சிக்கிட்டாம்னா நா ஒத்த ஆளு எங்கன தூக்கிக்கிட்டு அலைவேன்?" இதற்கு வசனம் பேசிப் பதில் சொல்ல முடியாது. அவர் சொல்வது உண்மை. ஒரு எலும்பு முறிவு என்றால் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும், அத்தனை நாள் கூலியும் போகும். அவரை நான் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் முதலில் கற்றுக்கொடுப்பது எதை என்று காட்டினேன். விழுவதைத்தான். நீளம் தாண்டும் மணல் குழியில் முழங்காலில் நின்று பக்கவாட்டில் சாய்வது. கையை விறைப்பாக நீட்டி ஊன்றாமல், முழங்கையை மடக்கித் தோளோடு உருள்வது. தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொள்வது. விழுந்தபின் யாரையும் கூப்பிடாமல், பக்கத்தில் எதைப் பிடித்து எழலாம் என்று பார்ப்பது. அதற்குப் பிறகுதான் பந்து. அந்த அம்மா மணல் குழி ஓரமாக உட்கார்ந்து முழுப் பீரியடும் பார்த்தார். போகும்போது, "வீட்டுல விழும்போதும் இப்படியே விழச் சொல்லுங்க" என்றார். கழிவறையிலும் வாசற்படியிலும் அவன் தினமும் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறான்.

இன்னொன்று மனதில் இருக்கிறது. டிசம்பர் 3 வந்தால் மாற்றுத்திறனாளிகள் நாள். போட்டி நடக்கும், பரிசு உண்டு, போட்டோ உண்டு. பிள்ளைகளுக்கு அது சந்தோஷம், நானும் கூட்டிக்கொண்டு போவேன். ஆனால் வருஷம் முழுக்க உட்கார வைத்துவிட்டு அந்த ஒரு நாள் மட்டும் ஓட விடுவது அந்த உடம்புக்கு நல்லதில்லை. பழகாத காலுக்கு அன்றைக்குச் சுளுக்குதான் மிஞ்சும். மாரியப்பன் தங்கவேலு 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார், அந்தப் படத்தை எங்கள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் பெற்றோரிடம் பதக்கத்தைக் காட்டி நான் ஆசை காட்டுவதில்லை. ஐந்து முதல் பதினேழு வயது வரை எல்லாப் பிள்ளைகளும் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது உடம்பு நன்றாக அசைய ஆட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கும் அதே 60 நிமிடம்தான். உட்கார்ந்தே இருக்கிற பிள்ளைக்கு எடை கூடும், மலச்சிக்கல் வரும், மூட்டு மடங்கியபடியே இறுகும், தூக்கம் கெடும். எடை கூடக் கூடத் தூக்குகிற அம்மாவின் இடுப்பும் போகும். ஆட ஆரம்பித்த பிள்ளைகளின் வீட்டில் என்னிடம் முதலில் சொல்வது பரிசைப் பற்றியல்ல. ராத்திரி நன்றாகத் தூங்குகிறான், வயிறு நேராகப் போகிறது என்பார்கள். எனக்கு அது போதும்.

தனியாக இதையெல்லாம் செய்ய வேண்டியதில்லை. வட்டார வள மையத்துப் பிசியோதெரபிஸ்ட்டிடம் பிள்ளையின் பெயரைச் சொல்லி, எந்த அசைவு வேண்டும், எது கூடாது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிறப்பாசிரியர் வருகிற நாளில் மைதானத்துக்கும் கூப்பிடுங்கள், வகுப்பறையில் மட்டும் உட்கார விடாதீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை விசில் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடினால், அதை அடங்காமை என்று எண்ணாமல் அவரிடம் கேளுங்கள். அன்றைய ஆட்டங்களை வரிசையாகப் படம் வரைந்து காட்டினால், அடுத்து என்ன வரும் என்று தெரிந்து அந்தப் பிள்ளை அமைதியாக நிற்கும்.

காசு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருளுக்கென்று தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 ரூபாய் வரை ஒதுக்க வழி இருக்கிறது. அடுத்த முறை பட்டியல் போடும்போது கிரிக்கெட் பேட் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, மணிப் பந்து ஒன்று, டென்னிக்காய்ட் வளையங்கள், பலூன் பாக்கெட், நைலான் கயிறு, இரண்டு வண்ணக் கொடி, விழப் பழகுவதற்கு ஒரு மெத்தை என்று எழுதிக் கொடுங்கள். புளியங்கொட்டைக்குப் பில் தேவையில்லை. சித்திரையில் எந்த வீட்டில் கேட்டாலும் கொடுப்பார்கள்.